பால் குடித்தும் வாடிய குட்டிகள்

1924ஆம் வருஷம் வைகாசி மாதம். முசரவாக்கத்தில் தணிகாசலத்தின் எள் வயலோரம் ஒரு தாய்முயலை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. அதன் இரண்டு குட்டிகளை அவர் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி பூவம்மாள் ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்து ஊட்ட, இரண்டும் ஆவலாகக் குடித்தன.

மறுநாள் சாயங்காலம் இரண்டும் சுருண்டு கிடந்தன. வயிறு மட்டும் கல்லாக வீங்கியிருந்தது.

"பாலு ஒத்துக்கல, பூவு. விடியக்காலம் காஞ்சிபுரத்துல கருட சேவை. வண்டி பூட்டிட்டேன், கெளம்பு."

பூவம்மாள் எழவில்லை. "குடிச்ச பாலெல்லாம் எங்கய்யா போவுது? கூடையில போட்ட வைக்கோலு காஞ்சே கெடக்குது பாரு. ஒரு சொட்டு மூத்திரம் இல்ல."

கொட்டகையில் பூனை தன் குட்டிகளைப் புரட்டி அடிவயிற்றை நக்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அழுக்குப் போகத்தான் நக்குகிறது என்று நினைத்திருந்தாள். இப்போது சந்தேகம் வந்தது. ஒரு துணியை வெந்நீரில் பிழிந்து, குட்டியின் வாலடியில் மெல்ல வருடினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் உள்ளங்கை வெதுவெதுப்பாக நனைந்தது.

"வந்துடுச்சி! ஓடியாய்யா!"

தணிகாசலம் மற்றதைத் தாமே வருடிப் பார்த்தார். அதுவும் அவர் கையை நனைத்தது.

"தாயி நக்கலன்னா இதுகூடவா வராது?" என்று வியந்தவர், பயணத்தைக் கைவிட்டு, வண்டியில் பூட்டியிருந்த காளைகளை அவிழ்த்துவிட்டார்.

பாலூட்டிய ஒவ்வொரு வேளையும் இருவரும் வருடிவிட்டார்கள். சில வாரங்களில் குட்டிகள் அறுகம்புல் கடித்து, தாமாகவே கூடையை நனைக்கத் தொடங்கிய பிறகு, பூவம்மாள் அவற்றை ஏரிக்கரைப் புதரில் விட்டாள்.