அருவிமாடன் எல்லைக்குப் போன நாள்

ஆவுடைத்தாய் அன்று கோயில் கொடைவிழாவின் உச்சிக்கொடையில் வில்லடித்துப் பாடிக்கொண்டிருந்தது செத்துப்போன ஒருவனின் கதையை. அந்தச் செத்தவனோ பந்தலுக்குள் நடு வரிசையில், மிளகு வியாபாரி வேஷத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தாடி வளர்த்துத் தலைப்பாகை கட்டினால் ஆள் மாறிவிடுமா? அந்தக் கண்ணையும் அந்தச் சிரிப்பையும் எந்தத் துணியால் மூடுவது? ஆவுடைத்தாய் அவனைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த வீசுகோல் வில்லின் நாணில் ஓர் அடி பிசகி விழுந்தது. பக்கத்தில் குடம் அடித்துக்கொண்டிருந்த தாய்மாமன் குற்றாலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் அடி பிசகி அவர் பார்த்ததே இல்லை.

வரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தாள். தென்காசி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டும் பரீதுதான் இருவருக்கும் தூது. "தங்கச்சி, நான் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டு வந்தேன். 'என் பாட்டை ஊரே கேக்குது, நான் மட்டும் கேக்காண்டாமா?'ங்கான். இவனை என்ன செய்யச் சொல்லுத?" என்று முந்தாநாள்தான் பரீது தலையில் அடித்துக்கொண்டு போனான்.

முன்வரிசையில், ஊரார் போட்டுக் கொடுத்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம்.

சொரிமுத்து யார் என்று கேட்டால் அந்தக் காலத்தில் தென்காசி வட்டாரத்துச் சின்னப்பிள்ளையும் சொல்லும். குற்றாலத்து மலையடிவாரத்து ஆள். சாரல் சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்த ஒரு துரை, தன் செவலைக் குதிரையை ரத்தம் வரச் சாட்டையால் விளாசினான். சொரிமுத்து அந்தச் சாட்டையைப் பிடுங்கித் துரைக்கு நாலு இழுப்பு இழுத்தான். அதே குதிரைமேல் ஏறி மலைக்குப் போய்விட்டான். அவன் செய்த குற்றம் மொத்தமே அவ்வளவுதான். மீதியை ஊர் செய்தது. இலஞ்சியில் கோழி காணாமல் போனாலும் சொரிமுத்து, பாவூர்சத்திரத்தில் வண்டிமாடு காணாமல் போனாலும் சொரிமுத்து. பேர் பரவப் பரவ அவனுக்கும் மீசையை முறுக்கிக்கொள்ளச் சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் மலைமேல் எவனோ ஒரு ரேஞ்சரைச் சுட்டுத் தள்ளினான். அதுவும் சொரிமுத்து தலையில் வந்து விழுந்தது. அதற்குப்பின் முறுக்குவதற்கு மீசை இருந்தாலும் நீட்டுவதற்குக் கழுத்து ஒன்றுதானே இருந்தது. தூக்குக்கயிறு தயாராகிவிட்டது.

ஆவுடைத்தாய்க்கும் அவனுக்கும் எப்படி என்று கேட்டால், அது குடத்துக்குள் தொடங்கிய கதை. எந்த ஊர்க் கொடைக்கு அவள் வில் போனாலும், பாட்டுத் தொடங்கி மாமா குடத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் தொப்பென்று கேட்கும். உள்ளே கையை விட்டால் மங்குஸ்தான் பழம் இருக்கும். மாமா போட்டவனின் வம்சத்தையே ஏசுவார். அவள் பழத்தை மடியில் கட்டிக்கொள்வாள். ஒருநாள் செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"குடத்துல பழம் போடுத களவாணி நீருதானா?"

"ஜில்லா போலீசு பூரா என்னைக் குதிரைக்குத் தேடுது. நீ பழத்துக்குத் தேடி வந்தியாக்கும்?" என்றான் அவன். அன்றைக்கு ஆவுடைத்தாய் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

போன ஆடியில் போலீஸ் அவனை மலைமேல் வளைத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றில் வெள்ளம் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவன் குதிரையோடு அதற்குள் பாய்ந்தான். குதிரை கரையேறியது, ஆள் ஏறவில்லை. கீழே பேரருவியில் அவன் தலைப்பாகை மட்டும் வந்து விழுந்தது. நிஜத்தில் அவன் ஒரு வேரைப் பிடித்து ஏறி, காட்டு வழியாகவே நடந்து பண்பொழிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை, பிரிட்டிஷ் போலீஸ் கால் வைக்க முடியாது. ஆனால் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்தால் ஒரு காகிதம் போதும், அங்கிருப்பவர்களே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சொரிமுத்து பிழைக்க வேண்டுமானால் சொரிமுத்து செத்தே ஆகவேண்டும். பிணம் கிடைக்காததால் தில்லைநாயகம் மட்டும் நம்ப மறுத்தார்.

அப்போதுதான் ஆவுடைத்தாய் ஒரு காரியம் செய்தாள். அவனைப் பாடினாள்.

அந்தச் சீமையில் துர்மரணம் அடைந்தவன்தான் மாடனாவான். மாடனானவனுக்குத்தான் வில்லில் இடம். உயிரோடு இருக்கிறவனை வில்லில் பாடினால் பாடினவள் நாக்கு அழுகிவிடும் என்று சொல்வார்கள். அதனால் அவள் வாயைத் திறந்து அவன் சாவைப் பாடியதுமே, ஊர் அவனுக்குக் கருமாதி செய்துவிட்டது. அவளும் கொஞ்சமாகவா பாடினாள்? நாக்கு அழுகட்டும் என்று பாடினாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இலஞ்சிக்கு மேற்கே, கன்னிமார்குளத்தில், திருவிதாங்கூர் எல்லை ஓடைக்குப் பக்கத்திலேயே அருவிமாடன் என்று பீடம் எழுந்தது. கரையேறிய செவலைக் குதிரையை மாடனின் வாகனம் என்று கோயிலுக்கே விட்டார்கள். துரை சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டதால் கேட்பாரும் இல்லை. இன்றைக்கு முதல் கொடை. இது முடிந்தால் போலீஸும் ஓய்ந்துவிடும், பரீதின் ஜட்காவில் ஏறிப் பண்பொழிக்குப் போய் அவனோடு இருந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கில்தான் மண்ணைப் போட வந்து உட்கார்ந்திருந்தான் அந்தப் பாவி.

பாட்டு செண்பகாதேவிக்கு மேலே ஏறி, போலீஸ் வளைக்கும் இடத்துக்கு வந்தது. சொரிமுத்து முழங்காலில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். தில்லைநாயகம் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் சிதம்பரத்துப் பக்கத்து மனிதர். இந்த ஊர்ச் சாமிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரியும். தன் புகழைக் காதால் கேட்க ஆசைப்படாத எவனும் உலகத்தில் இல்லை என்று நம்பித்தான் அவர் காலையிலேயே வந்து இடம்பிடித்திருந்தார். வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "நீ எந்த ஊர்? தலைப்பாகையை எடு. நீ?"

ஆவுடைத்தாய் பாடிக்கொண்டே அவரைக் கண்ணால் தொடர்ந்தாள். பாட்டை நிறுத்த முடியாது. நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து ஓடச் சொல்லவும் முடியாது. ஓடினால் துப்பாக்கி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு வரிசை தாண்டினார். இன்னொன்றும் தாண்டினார். அவன் இப்போதுதான் அவரைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு செத்தது.

அவளுக்குப் பொறி தட்டியது. கதையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, கடைசியில் பாட வேண்டிய வரத்துப்பாட்டைச் சட்டென்று எடுத்தாள். சாமியை ஆள்மேல் இறங்கி வரச்சொல்லிக் கூப்பிடும் பாட்டு அது. வில்லின் மணிகள் அத்தனையும் குலுங்க, வீசுகோல் நாணில் மழையாக விழ, அவள் அவனையே பார்த்துப் பாடினாள்.

"உக்காந்த இடம் விட்டு ஓடிவா மாடா, உன் பேரு சொல்லுதேன் ஆடிவா மாடா..."

மாமா ஒன்றும் புரியாமல் குடத்தை வெளுத்து வாங்கினார். அவன் விழித்தான். அட மடையா, எழுந்து ஆடேன் என்று அவள் மனசு கூவியது. "கேட்டது போதும்டா, எழும்பி வா மாடா" என்று பாட்டிலேயே வைத்து ஏசினாள். இன்ஸ்பெக்டரின் கை அவன் தோளுக்கு நீண்டது.

சொரிமுத்து ஓவென்று அலறிக்கொண்டு துள்ளி எழுந்தான். தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது. முடியை விரித்துப் போட்டு ஆடினான் பாருங்கள், பந்தல் கால்கள் நடுங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி ஓடிவந்து அவன் கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் மாடனின் ஈட்டியான வல்லயக் கம்பைக் கொடுத்தார்.

தில்லைநாயகம் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "இவன் சாமியாடி இல்லை. சொரிமுத்து இவன்தான். ஏட்டு, விலங்கைக் கொண்டா."

"ஆமா எசமான், அவருதான் வந்திருக்காரு" என்று பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"யோவ், முகத்தைப் பாருய்யா. அதே முகம்."

"மாடன் இறங்குனா முகம் அப்படித்தான எசமான் ஆவும்? நான் உயிரோட பாத்த முகமாச்சே. அப்படியே இருக்கு." பூசாரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏட்டு விலங்கைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் அதைத் தரையில் வைத்துவிட்டு, அவன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மகளுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறதாம், குறி கேட்டார். சொரிமுத்து கொஞ்சமும் அசராமல் "தையில முடியும், போலே" என்று திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் பூசினான். அடுத்த பிடியை இன்ஸ்பெக்டர் நெற்றியில் பூசினான். அவர் பிடி தளர்ந்தது. சுற்றி நின்றவர்களின் முகத்தையும், அவர்கள் இடுப்பிலிருந்த அரிவாளையும் அவர் பார்த்துவிட்டார்.

"எல்லைக்குப் போவணும்" என்று மாடன் கர்ஜித்தான்.

உச்சிக்கொடை முடிந்ததும் சாமி எல்லைவரை போய்ச் சோறு வீசிவிட்டு வரும். போகிற வழியில் எவனும் குறுக்கே வரக்கூடாது, பின்னாலும் போகக்கூடாது. மீறினவன் ரத்தம் கக்கிச் சாவான். கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்தது. மேற்கே வீட்டுக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. பூசாரி செவலைக் குதிரையை மாலையும் சந்தனமுமாக அவிழ்த்துக் கொண்டுவந்தார். அது அவன் வாசனையை மோந்து கனைத்தது. தாவி ஏறினான்.

ஆவுடைத்தாய்க்கு நெஞ்சு குதித்தது. தப்பித்துவிட்டான். ஓடை கூப்பிடு தூரம். போடா, போய்விடு.

அவன் போகவில்லை. குதிரையைத் திருப்பி நேராக வில்மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அவளைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அப்போதுதான் ஆவுடைத்தாய்க்கு அந்த விஷயம் உறைத்தது. இத்தனை நாள் ஜட்காவில் ஏறிப் போய்விடலாம் என்று எப்படி நினைத்தாள்? அவள் பண்பொழியில் ஒருவனோடு குடும்பம் நடத்தினால், அந்த ஒருவன் யார் என்று தில்லைநாயகம் தேடி வரமாட்டாரா? செத்தவனோடு வாழவேண்டுமென்றால் அவளும் செத்தாக வேண்டும். மாடன் தூக்கிக்கொண்டு போன பெண் உயிரோடு திரும்பியதாக எந்தப் பாட்டிலும் இல்லை. இந்தக் கையைப் பிடித்தால் அவள் செத்தவள். செத்தவள் வில் பாட முடியாது. அவள் தொண்டையைச் சீமையே அறியும். ஒரு வரி பாடினால் காட்டிக் கொடுத்துவிடும்.

வீசுகோலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வாழ்க்கை அது. அதைவிட அந்தக் கிறுக்கனைப் பிடித்திருந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

"மாமா, வில்லைப் பாத்துக்கிடும்" என்றாள். குற்றாலிங்கம் அவளைப் பார்த்தார், குதிரைமேல் இருந்தவனைப் பார்த்தார், பிறகு தன் குடத்தைப் பார்த்தார். பழம் போட்டவன் யார் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. குடத்தை ஓங்கித் தட்டினார். கணீரென்றது.

அவள் ஏறியதும் குதிரை பறந்தது. சாத்திய கதவுகளுக்கு நடுவே, யாருமில்லாத தெருவில், உச்சி வெயிலில் குளம்படி தடதடத்தது. பின்னால் ஒற்றை ஆளாகத் தில்லைநாயகம் ஓடிவந்தார். நாம் அவரைக் கேலி பண்ணினாலும், ரத்தம் கக்கிச் சாகலாம் என்று அத்தனை பேர் சொல்லியும் ஓடிவந்த மனிதர் அவர் ஒருவர்தான். துப்பாக்கி வெடித்தது. குண்டு எங்கோ பனையில் பட்டது. "குனிஞ்சுக்கோ, ஏட்டி" என்று அவன் கத்தினான். அவள் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். பயத்தில் அழவேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. ஓடை வந்தது. செவலை ஒரே தாவில் தாண்டி, திருவிதாங்கூர்ச் சங்கு பொறித்த எல்லைக்கல்லுக்கு அப்பால் போய் இறங்கியது. கையோடு வந்துவிட்ட வீசுகோலை ஆவுடைத்தாய் இறங்கி அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

தில்லைநாயகம் மேலதிகாரிக்குச் சொல்லிப் பார்த்தார். ஏட்டு முதற்கொண்டு அத்தனை பேரும் அது சாமிதான் என்று சத்தியம் செய்தார்கள். ஏட்டு மகளுக்குத் தையில் கல்யாணம் நடந்தது. அதற்குமேல் யார் என்ன சாட்சி சொல்ல முடியும்?

அடுத்த ஆடிக்கொடை அன்று, எல்லைக்கல்லுக்கு இப்பால், திருவிதாங்கூர்ப் பக்கத்தில், ஒரு புதருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாரலில் நனைந்துகொண்டே ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாட்டைக் கேட்டார்கள். அங்கே மாடனுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பீடம் எழுந்திருந்தது. மாமாவின் குடம் ஒலித்தது. புதிதாக ஒருத்தி ஆவுடைத்தாயின் சாவைப் பாடினாள். எல்லையில் உடலை உதறிவிட்டு மாடனோடு மலை ஏறிவிட்டாளாம். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"அந்த இடத்துல குரல் ஏறணும். அவளுக்குத் தெரியல" என்றாள் ஆவுடைத்தாய். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எழுந்து போய் அந்த வீசுகோலைப் பிடுங்க வேண்டும்போல அவள் கை துடித்தது.

சொரிமுத்து இந்தமுறை தாளம் போடவில்லை. "என் பாட்டைக் கேக்க வந்து, உன் பாட்டை நிறுத்திட்டேனே, ஆவுடை" என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பண்பொழிக்குத் திரும்பி வந்ததும் கதவை இறுகச் சாத்தினாள். பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி, அடுப்படியில் காலியாக இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து மடியில் வைத்துத் தட்டினாள். தொப்பென்றது. உள்ளே கையை விட்டாள். வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்காமல் நின்றான். அவள் பழத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.