இடமிருந்து ஐந்தாவது ஆள்

ராப் வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று எங்கும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் நெய்வேலியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பாடுகிறவன் கழுத்தில் தாம்புக்கயிறு மாதிரி ஒரு சங்கிலி வேண்டும். பின்னால், யாரிடமாவது கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கார் ஒன்று நிற்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் காரணமே இல்லாத கோபத்தோடு, முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு முறைக்க வேண்டும். புகை இல்லாவிட்டால் அது ராப்பே இல்லை.

சண்முகப்பிரியாவுக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது. வயது இருபத்துமூன்று. பாண்டிச்சேரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாப்பிள்ளையாவது கூலிங்கிளாஸ் இல்லாமல் நடந்து வர மாட்டானா என்று ஏங்கிப்போனவள். அதனால் கூடப் படித்த ஜான், "மைன்ஸ் ஜான்" என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டோடு வந்து நின்றபோது அவள் போட்ட முதல் நிபந்தனை இதுதான்: கார் கிடையாது, சங்கிலி கிடையாது, புகை கிடையாது.

"அப்புறம் என்னதான் இருக்கும்?" என்றான் ஜான், முகம் தொங்கிப்போய்.

"நெஜமான ஆளுங்க இருப்பாங்க."

பாட்டின் பெயர் 'பத்தொம்பது வருசம்'. அந்தப் பத்தொன்பது வருடமும் அவளுடைய அப்பா சடையப்பனுடையவை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை வாரிப் போடும் காண்ட்ராக்ட் வேலை. பத்தொன்பது வருடமாகத் தற்காலிகம். வருகிற ஆகஸ்டில் பெர்மனென்ட் லிஸ்ட் வரும், அதில் தன் பெயர் வரும் என்று சீனியாரிட்டியைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதுவரைக்கும் காண்ட்ராக்டரின் வருகைப் பதிவில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் பத்தொன்பது வருடமும் தண்ணீரில் எழுதியதுதான்.

ஜான் எழுதிய பாட்டில் வசவு எதுவும் இல்லை. "மாஸ்க்கு எங்கன்னு கேட்டேன், மழுப்பிட்டுப் போனான், பூட்சு எங்கன்னு கேட்டேன், பூட்டிட்டுப் போனான்" என்று ஒரு இடம் வரும். அவ்வளவுதான். காண்ட்ராக்டரின் பெயர்கூடக் கிடையாது. ஆனால் யாரைச் சொல்கிறான் என்று அந்த வட்டாரத்தில் தெரியாதவர் யாரும் இல்லை.

முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டை ஒட்டி, தூரத்தில் சுரங்கத்து மண்மேடு தெரிகிற பொட்டலில் ஷூட்டிங் வைத்தார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு சடையப்பனோடு சேர்த்து ஒன்பது பேர் நேராக அங்கே வந்தார்கள். அவர்தான் மற்றவர்களை அழைத்து வந்திருந்தார். மகள் படம் எடுக்கிறாள் என்பதில் அவருக்கு அப்படியொரு பூரிப்பு.

ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். பிரியா கேமராவில் கண்ணை வைத்தாள். வைத்ததுமே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது பேர் முகத்திலும் துண்டு. மூக்கிலிருந்து கழுத்துவரை சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டு, கண் மட்டும் தெரிகிறது. கரித்தூசு நெஞ்சுக்குள் போகாமல் இருக்க எட்டு மணி நேரமும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் அவிழ்ப்பார்கள். ஆனால் கேமராவுக்குள் அவள் பார்த்தது வேறு. எந்த வீடியோவை எடுக்கவே கூடாது என்று சபதம் போட்டாளோ அந்த வீடியோ அப்படியே அச்சாக எதிரில் நின்றது.

"துண்ட அவுத்துட்டு மூஞ்சியக் காட்டுங்கண்ணே," என்றாள்.

இடது ஓரத்தில் நின்ற அன்புச்செல்வன் தயங்கினார். "இருக்கட்டுமே பாப்பா. நாங்க எப்பவும் இப்படித்தானே கட்டிகினு இருக்கறோம்."

"ஆமா டைரக்டரே, கெத்தா இருக்கு," என்று ஜானும் தூபம் போட்டான்.

"எல்லா வீடியோலயும் மூஞ்சிய மூடிட்டுதான் நிக்கிறாங்க. நம்ம ஆளுங்க எதுக்கு மூடணும்? என்ன, திருடிட்டா வந்தீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் துண்டை அவிழ்த்தவர் சடையப்பன். மகள் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான் அவருக்கு. அவர் அவிழ்த்த பிறகு மற்றவர்கள் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். கண்ணைச் சுற்றிக் கரி அப்பியிருக்க, மூக்குக்குக் கீழே வெளுப்பாக, ஒன்பது முகங்கள். பிரியாவுக்குப் புல்லரித்தது. வலது கோடியில் ஒதுங்கி நின்ற அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினாள். இடமிருந்து ஐந்தாவது. ஆடாமல் அசையாமல் பதினோரு விநாடி. அந்த ஷாட்தான் வீடியோவின் உயிர்.

வெளியிட்ட முதல் வாரத்திலேயே நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஓடியது, பேருந்தில் ஓடியது. ராப் என்றால் காரும் சங்கிலியும்தான் என்று இருந்தவன் முகத்தில் கரியைப் பூசிவிட்டாய் என்று சென்னையிலிருந்து ஒருவர் அவளுக்கு எழுதியிருந்தார். பிரியா அதை ஏழெட்டு முறை படித்தாள். பெருமைதான், வேறென்ன?

அந்த வாரக் கடைசியில் படமே இல்லாத ஒரு கணக்கிலிருந்து கமெண்ட் வந்தது. 'லெஃப்ட்ல மொதல்ல நிக்கிற அண்ணன் வேற லெவல். யார் ப்ரோ அவரு?'

ராப்காரனுக்குத் தன் கூட்டத்தின் பெயரைச் சொல்வதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. பாட்டுக்கு நடுவிலேயே பத்துப் பெயர் சொல்கிற சாதி அது. ஜான் உடனே பதில் போட்டான்: 'நம்ம அன்புச்செல்வன் அண்ணன்! பதினாலு வருசமா பெல்ட் செக்‌ஷன்!' கூடவே மூன்று நெருப்புப் படம்.

திங்கட்கிழமை அன்புச்செல்வனைச் சுரங்கத்துக்குள் விடவில்லை. பாஸ் புதுப்பிக்க வேண்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அடுத்த வாரம் அதே கணக்கு இரண்டாவது ஆளைக் கேட்டது. ஜானும் சளைக்காமல் சொன்னான். அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது ஆளுக்கும் பாஸ் தகராறு.

பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜானைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவன் கமெண்டையெல்லாம் அழித்தான், பாவம், அழுதேவிட்டான். மூன்றாவது ஆளைக் கேட்டபோது யாரும் பதில் போடவில்லை. ஆனாலும் மூன்றாவது ஆள் திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பி வந்தார். பெயர் தெரியாமலா கேட்கிறார்கள்? முகமே இருக்கிறதே! கேட்பது அடுத்தது யார் என்று தெரியப்படுத்தத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அன்றைக்கே வீடியோவை நீக்கிவிட்டாள். நீக்கி என்ன புண்ணியம்? எத்தனை வாட்ஸப் குரூப்பில் கிடக்கிறதோ.

வீடியோ போன பிறகு கேள்வி நேராக அவளுடைய நம்பருக்கே வந்தது. 'நாலாவது அண்ணன் சூப்பர். யாருங்க?' அந்தத் திங்கட்கிழமை நாலாவது ஆளும் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. 'அஞ்சாவது அண்ணன். நடுவுல நிக்கிறவரு. யாருங்க?'

பிரியா போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு திருப்பி எடுத்து அப்பாவிடமே காட்டினாள். மறைக்கத் தெம்பில்லை.

சடையப்பன் அதைப் படித்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். "ஒம்போது பேரையும் ஒரே நாள்ல நிறுத்துனா கொடி புடிச்சிகினு வந்துருவாங்க. வாரத்துக்கு ஒருத்தன்னா எவன் கேக்கப் போறான்? மத்தவன்லாம் நாம அந்த வரிசைல இல்லன்னு நிம்மதியா இருப்பான்."

"லீவு போடுங்கப்பா. ஒரு வாரம் முத்தாண்டிக்குப்பத்துல அத்தை வூட்ல போய் இருங்க."

"லீவு போட்டா அவனுக்கு வேல மிச்சம். வரலன்னு எழுதிருவான்."

"நான் போய்க் கால்ல வுழறேன்ப்பா. நாந்தான் கழட்டச் சொன்னேன்னு சொல்றேன்."

"நீ சும்மா கெட." முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "நல்லாத்தான் எடுத்திருந்த. நானும் ஆசப்பட்டுத்தான் நின்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பதினோரு விநாடிக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. புதுசாக எதையோ சாதிக்கிற திமிரில், அந்தத் துண்டு எதற்கு என்று அவள் ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை. இத்தனைக்கும் தினமும் அதைத் துவைத்துக் காயப்போடுகிறவளே அவள்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவளே டி.வி.எஸ்.ஸில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டாள். சுரங்கத்து கேட்டுக்கு முன்னால் காண்ட்ராக்டரின் தகரக் கொட்டகை. அங்கேதான் ஆள் கணக்கு எடுத்து உள்ளே அனுப்புவார்கள். வரிசையில் நாற்பது ஐம்பது பேர். எல்லாரும் சடையப்பனுக்குத் தெரிந்தவர்கள்தான். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர் மெல்ல ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

சடையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். மூக்கிலிருந்து கழுத்துவரை சுற்றிப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். வழக்கமாகச் சுரங்கத்துக்குள் இறங்கின பிறகுதான் கட்டுவார். சுற்றி நின்றவர்களும், சொல்லி வைத்த மாதிரி, ஒவ்வொருவராகத் துண்டை எடுத்துக் கட்டத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் வரிசை முழுவதும் கண்கள் மட்டுமே. இதில் அப்பா யார் என்று வண்டியில் உட்கார்ந்திருந்த பிரியாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அவளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. எல்லாரும் மூடிக்கொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பான்?

கொட்டகையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் வெளியே வந்தார். அவர் கையில் பெரிதாக அச்சடித்த ஒரு படம். இத்தனை தூரத்திலும் பிரியா அதை அடையாளம் கண்டுகொண்டாள். மண்மேட்டை மேல் மூலையில் அவள் வைத்த விதம், ஒன்பது பேரையும் இடைவெளி விட்டு நிறுத்திய விதம், எல்லாம் அவளுடையது. இடப்பக்கம் நான்கு முகங்கள்மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தது.

அவருக்கு அவசரமே இல்லை. வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மரியாதை குறையாமல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"துண்ட அவுத்துட்டு மூஞ்சியக் காட்டுங்கண்ணே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வரிசையில் ஒருவர் திரும்பி, ரோட்டோரம் நின்ற டி.வி.எஸ்.ஸைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, தன் முறை வரும்வரை காத்திராமல், பிடரிக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார்.