யாழ்ப்பாணத்து ஜின்

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலம் முழுக்க, ஜின்னும் இல்லை பேயும் இல்லை என்று பிள்ளைகளின் காதில் ஓதியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஜின்னின் குரலுக்காக எங்கள் சோனகத் தெருவில் சண்டை பிடித்துத் திரிந்தேன் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். அது என் மனைவி அஸீஸாவின் குரல். அவள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

என் தங்கையின் மகன் றியாஸ் படம் எடுக்கப்போகிறேன் என்று வந்து நின்றதில் எல்லாம் தொடங்கியது. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றியபோது சனம் விட்டுப்போன ஒரு வீட்டில் ஒரு ஜின் குடியேறிவிடுகிறது. வருடக்கணக்காகப் புத்தளத்தில் இருந்துவிட்டுக் குடும்பம் திரும்பி வர, வீடு என்னுடையது என்று அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குள் புகுந்து சண்டை போடுகிறது. டொக்டர் வலிப்பு என்கிறார், மௌலவி ஜின் என்கிறார். இவ்வளவுதான் கதை. டொக்டர் பேசுகிற வசனத்தை மட்டும் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டான். நான் விடுவேனா? எழுதித் தள்ளினேன்.

பெண்பிள்ளையாக நடித்தது குருநகர் லவீனா. ஜின் பிடித்து ஆடுகிற காட்சிக்கு முதல் யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொள்வாள். நடிப்பு அபாரம், குரல்தான் குழந்தைக் குரல். அந்தக் குரலில் ஜின் மிரட்டினால் சனம் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும். றியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்த ஒரு நாள், அஸீஸா குசினியில் பூனையை விரட்டினாள். இவன் துள்ளி எழும்பினான்.

"மாமி, உந்தக் குரல்தான் எனக்கு வேணும்!"

படம் பிடிக்கவே நிற்காதவள் அவள். கலியாண வீட்டு வீடியோக்களில் அவளுடைய முதுகுதான் இருக்கும். ஃபோனில் குரலைப் பதிந்து அனுப்பு என்றால், பிற ஆம்பிளைகள் கேட்டுவிடுவார்கள் என்பாள். ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"என்ரை பேர் போடக்கூடாது," என்றாள். "கதைக்கிறது ஜின். பிறகு எனக்கென்ன பாவம்?"

மார்க்கத்தில் இப்படியொரு குறுக்குவழி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஜின்னை அவள் முழுதாக நம்பினாள் என்பதுதான் வேடிக்கை. கொதிதண்ணீர் கொட்டும்போது பிஸ்மி சொல்லி, சற்றுப் பொறுத்துத்தான் ஊற்றுவாள். ஜின்னின் பிள்ளைகள் விலகிப் போகட்டுமாம்.

றியாஸின் அறைச் சுவரில் மெத்தைகளைச் சாத்தி, ஃபானை நிறுத்திவிட்டுக் குரல் பதிந்தோம். டொக்டராக நடித்தவருக்கு வேலை நாள் என்பதால், எதிரே இருந்து அவருடைய வசனத்தை நானே வாசித்தேன்.

"நீ ஆர்?" என்று நான் கேட்பேன்.

"வீட்டுக்காரி," என்று அவள் உறுமுவாள்.

"எப்ப வந்தனீ?"

"நீங்கள் எல்லாரும் போனதுக்குப் பிறகு இந்த வீட்டை ஆர் பாத்தது?"

எனக்கு உண்மையிலேயே மயிர் சிலிர்த்தது. வசனம் முடிந்ததும் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எப்படி, பயந்தீர்களா என்பதுபோல என்னைப் பார்ப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவாகச் சிரித்தவர்களும் இல்லை. அந்த மெத்தை அறையில்தான் வயிறு நோகச் சிரித்தோம்.

கடைசிக் காட்சியில் பிசகியது. ஓதி முடித்த மௌலவி, இனித் திரும்பி வரக்கூடாது என்று ஜின்னிடம் சத்தியம் கேட்பார். "போறன், இனி வரமாட்டன்" என்று அது சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். அஸீஸா பயங்கரமாக உறுமினாள். உறுமிவிட்டு, "போட்டு வாறன்" என்றாள், போய்விட்டு வருகிறேன் என்று.

றியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பச் சொல்லச் சொன்னான். திரும்பவும் போட்டு வாறன்தான்.

"மாமி, நீங்கள் வரப்படாது. உங்களை ஓதிக் கலைக்கிறம்."

"தெரியுது மோனை. ஒரு வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லலாமே? வாய் வருதில்லை."

"நீங்கள் இப்ப ஜின்."

"ஜின் எண்டாலும் யாழ்ப்பாணத்து ஜின்தானே."

அவளைக் குறை சொல்ல முடியாது. போறன் என்று சொல்லி வாசற்படி இறங்குகிறவர் இந்தக் குடாநாட்டில் இல்லை. சைவக்காரர், வேதக்காரர், நாங்கள், எல்லோரும் இதில் ஒன்றுதான். இன்னொரு நாள் பார்ப்போம் என்று றியாஸ் மைக்கைக் கழற்றினான்.

அந்த நாள் வரவில்லை. ஒரு காலை, சுபஹு தொழுதுவிட்டுத் தலை சுற்றுகிறது என்று பாயிலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு வீட்டில் நானும் பூனையும். கொதிதண்ணீர் கொட்டப் போனால் நானும் பொறுத்து நிற்கத் தொடங்கினேன். யாராவது வந்து, விஞ்ஞானம் படிப்பித்த சேருக்கு என்ன நடந்தது என்று கேலி செய்யட்டும் என்றிருக்கும். யாரும் வரவில்லை. தண்ணீர்தான் ஆறிப்போகும்.

பிறகு ஒருநாள் றியாஸ் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா, கடைசி வசனம் இல்லாமல் படத்தை முடிக்கேலாது. உம்மாவைச் சொல்ல வைச்சுப் பாத்தன், ஒட்டேல்லை. வேறை ஆளைக் கொண்டு முழுக்கத் திருப்பிப் பேச வைக்கப்போறன். மாமின்ரை குரலை உங்கடை ஃபோனிலை போட்டுத் தாறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படத்தில் டொக்டர் கேட்கிறார், அவள் மறுமொழி சொல்கிறாள். கேள்வி நான் எழுதியது. ஃபோனில் போட்டுத் தந்தால் வெறும் சத்தம். நானும் அவளும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிற இடம் இந்த உலகத்தில் அந்தப் படம் ஒன்றுதான். இதை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

"போட்டு வாறன் எண்டே விடடா," என்றேன். "சனம் இன்னும் பயப்பிடும்."

அவன் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "மௌலவி விடமாட்டார் மாமா."

படத்தின் கதையை ஆரம்பத்திலேயே பார்த்துத் திருத்தித் தந்தவர் எங்கள் பள்ளிவாசல் மௌலவி. அஸீஸாவை அடக்கும்போது ஜனாஸா தொழுவித்தவரும் அவர்தான். அசர் தொழுகை முடிந்ததும் போய் அவர் முன்னால் இருந்தேன்.

"சேர், ஜின் திரும்பி வாறன் எண்டு சொன்னால் ஓதினது பலிக்கேல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்?" என்றார். "குர்ஆனை ஓதிக் காட்டிப்போட்டு அப்பிடி முடிக்கேலாது."

"அது ஜின் இல்லை ஹஸரத். அஸீஸா."

"மௌத்தானவை திரும்பி வாறேல்லை, சேர். அவையின்ரை குரலிலை ஏதும் வந்து கதைச்சாலும், அது அவை இல்லை."

"தெரியும். நான் ஜின்னையே நம்பிறேல்லை. ஆனால் ஹஸரத், அவளின்ரை குரலோடை ஒரு ஜின் வந்தால் நான் கதவைத் திறந்துவிடுவன். ஓத வாங்கோ எண்டு உங்களைக் கூப்பிடவும் மாட்டன்."

சொன்ன பிறகுதான் எங்கே இருந்து என்ன சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கோ," என்றார். "ஜின் ஒண்டும் சொல்லாமல் போகட்டும். மிச்சமெல்லாம் அவவின்ரை குரலாவே இருக்கட்டும்."

ஓம் என்றுவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதையே யோசித்தேன். அவள் பேசிய மற்ற வசனமெல்லாம் றியாஸ் எழுதிக் கொடுத்தது. அவள் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். அதைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்கினேன்.

படத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரம் நகரத்து மண்டபம் ஒன்றில் காட்டினார்கள். என்னிடம் படித்தவர்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மௌலவி. டொக்டர் திரையில் "நீ ஆர்?" என்றார். "வீட்டுக்காரி" என்றாள் அவள். சனம் நடுங்கியது. எனக்கோ அவள் குசினியிலிருந்து கதைப்பது மாதிரி இருந்தது. இன்னும் கேள், இன்னும் கேள் என்று அந்த டொக்டரை மனதுக்குள் நெருக்கினேன். இவ்வளவு குறைவாக எழுதி வைத்திருக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் மௌலவி ஓதினார். லவீனா தரையில் கிடந்து துடித்தாள். போ, போய்விடு என்று மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. லவீனா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"போகாதை!"

தலைகள் திரும்பிய பிறகுதான் கத்தியது நான் என்று தெரிந்தது. முன்னால் இருந்த ஒருவன், "விஞ்ஞான சேர் பயந்திட்டாரடா," என்றான். மண்டபம் குலுங்கச் சிரித்தது. மௌலவி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அந்தப் பெண்பிள்ளை மெல்லக் கண் விழித்து, தன்னுடைய சொந்தக் குரலில், "உம்மா, தண்ணி தாங்கோ," என்றாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கைதட்டல் ஓயும்வரை நான் இருந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.