ஆவணி தாண்டிய சாரல்

காதுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே குவைத். வெளுத்த வானம், வெளுத்த மணல், வெளுத்த கட்டடங்கள்.

செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொளகொளவென்று, ஓட்டில் விழுந்து தாழ்வாரத்தில் வழிகிற தண்ணீர். தென்காசித் தண்ணீர்.

"சாரல்ட்டி. விடமாட்டேங்கு," என்றார் அப்பா.

அப்பா இப்போது சின்னச் சின்னதாகத்தான் பேசுகிறார். முன்பெல்லாம் போனை வைக்கவே விடமாட்டார். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று ஆரம்பித்தால் ஊர்வம்பு முழுக்க வந்து முடியும். இப்போது கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வயசாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது.

அப்பா குற்றாலிங்கத்துக்குத் துணை அவருடைய அக்கா, உலகம்மாள் அத்தை. அவருக்குக் கொஞ்சம் இளைப்பு. அவளுக்கு விரல் முட்டெல்லாம் வீக்கம். யாரை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே, நான்தான் என்பார்கள்.

மழை பெய்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறும். அப்பா வெயிலில் எங்கேயும் கிளம்பிப் போகமாட்டார். பெய்யட்டும். நன்றாகப் பெய்யட்டும்.

ஆனியில் சாரல். ஆடியில் சாரல். ஆவணியும் போய்ப் புரட்டாசி வந்தது. அப்போதும் சாரல்.

புரட்டாசியில் தென்காசி வெயில் எப்படி உறைக்கும் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. காலம் மாறிவிட்டது, மழையும் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டாள். அவ்வளவு அலுப்பு. புது வேலை, பிள்ளை, அடுப்பு. அதற்கு மேல் ஒரு சந்தேகத்தையும் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து ஃபிளாட் மேரிக்குட்டியின் மாமனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலருகே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மழை கேட்டது.

அதே மழை. கொளகொளவென்று, அதே தாழ்வாரத் தண்ணீர்.

ஜன்னலைப் பார்த்தாள். வெயில். சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் குப்பி, பாதித் தண்ணீர், அதற்குள் குமிழ் குமிழாக ஏறிக்கொண்டிருந்தது. குப்பியிலிருந்து ஒரு குழாய் அந்தப் பெரியவரின் மூக்குக்குப் போயிற்று. ஆக்சிஜன் என்றாள் மேரிக்குட்டி.

செண்பகம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டு மகனுக்குக்கூடக் கேட்கக் கொடுத்திருக்கிறாள், தாத்தா ஊர் மழை பாரடா என்று.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அழுகை. பிறகு இரண்டும் ஓய்ந்து, பழைய அலுப்பே வந்து உட்கார்ந்துகொண்டது. கிளம்பவும் வழியில்லை. பாஸ்போர்ட் விசா வேலைக்காக ஆபீஸில் கிடந்தது. விஷயம் தெரிந்தால் இவள் புது வேலையை உதறிவிட்டு ஓடிவருவாள் என்றுதான் அங்கே அவர்கள் மழையைப் பெய்யவிட்டிருக்கிறார்கள்.

தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பள்ளித் தோழி கோமதியிடம் விசாரித்தாள். கோமதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. அது கரண்டில் ஓடுகிறது. கரண்டு போனால் பக்கத்திலேயே சிலிண்டர். அதை அத்தைதான் சாவி போட்டுத் திருகித் திறக்க வேண்டும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு.

நிஜமழை பெய்தால் அந்தத் தெருவில் முதலில் போவது கரண்டுதான்.

அதுவரை பெய்யட்டும் பெய்யட்டும் என்றிருந்தவள், பெய்யக் கூடாது என்று சாமி கும்பிட ஆரம்பித்தாள். தென்காசிக்கு மேல் மேகம் என்று போன் காட்டுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தாள். தனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை. மறைப்பதற்கு என்று அப்பாவிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் ஏன் பிடுங்க வேண்டும்?

"மழையாப்பா?" என்று கேட்பாள். சாரல் என்பார். அன்றைக்கு நிம்மதி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓயப்போகும்போது அத்தை எடுத்தாள். பின்னால் பேரிரைச்சல். ஓட்டை உடைக்கிற மாதிரி மழை. கொளகொளச் சத்தம் இல்லை.

"மழையா அத்தே?"

"மழையா? இங்க வெயிலு கொளுத்துதுளா. வையி, பொறவு பேசுதேன்."

அத்தைக்கு மேல்மூச்சு வாங்கியது; பதற்றத்தில் பொய்கூடத் தலைகீழாக வந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு, இழுத்து இழுத்து, விசிலடிப்பதுபோல். எடுக்காவிட்டால் பிள்ளை பயந்துவிடுமே என்று, திருகிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்து போனை எடுத்திருக்கிறாள்.

"அத்தே, எனக்கு எல்லாம் தெரியும். போன அணைக்காண்டாம், கீழ வைங்க. சாவியில முந்தானையச் சுத்துங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சு எடப்பக்கமாத் திருகுங்க."

போனை எதன்மேலோ வைக்கிற சத்தம். பிறகு மழை. மழை மட்டும்.

ஜன்னலுக்கு வெளியே வெளுத்த வானம், வெளுத்த மணல். செண்பகத்தின் கை வெறும் காற்றைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

இரும்பில் இரும்பு உரசியது. நின்றது. மறுபடி உரசியது. ஒரு சீறல்.

அப்புறம் அந்தப் பெரிய மழைக்குள்ளிருந்து, மெல்ல, ஒரு சின்ன மழை ஆரம்பித்தது. கொளகொளவென்று.

அப்பாவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வந்தது. அத்தை எங்கேயோ சுவரோரமாக உட்கார்ந்து அழுவது கேட்டது. யாரோ போனை எடுத்தார்கள்.

"மழைட்டி," என்றார் அப்பா. "நெசமாவே மழை."

"கேக்குப்பா," என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காதுக்குள் இரண்டு மழை பெய்துகொண்டிருந்தது. பெரியது விட்டால் விடட்டும்.