மாமனார் வீட்டு இருமல்

...வராது, இன்றைக்கு வராது, கடைவாயில் இஞ்சித் துண்டு இருக்கிறது, அதன்மேல் தேனும் தடவியிருக்கிறேன், காலையில் சோதனைச் சாவடியில் காவலர் ஒரிஷாபா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே, "என்ன பெரியவரே, இருமல் சளி ஏதாச்சும்?" என்று கேட்டபோது, "எங்க பரம்பரையிலயே யாரும் இருமினதில்ல தாயி" என்றேனே, அந்தப் பொய்க்காவது தொண்டை கொஞ்சம் மரியாதை தர வேண்டாமா? அடக்குவது எனக்கென்ன புதிதா, ஒருமுறை தும்மலை மூன்று நாள் அடக்கிவைத்துக் கபாலே சந்தையில்தான் விட்டேன், பக்கத்தில் கட்டிக்கிடந்த கோழி பயத்தில் முட்டை போட்டது, அது சேவல் என்று விற்றவன் சத்தியம் செய்தான்... ஆனால் இந்த இருமல் வேறு ரகம். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு விசில். அடுத்த குன்றில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருக்கும் என் மனைவி ஜெனினா, அதைக் கேட்டுத்தான் உலையை வைப்பாள். நம் சளி ஒட்டினால் கொரில்லாக் குடும்பமே செத்துப்போகும், அதனால் இருமுகிறவன் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சட்டம் நியாயமானதுதான், யார் இல்லையென்றது? முப்பத்தொரு வருஷம் தடம் பார்த்தவன் வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது, ஜெனினாவையா?

பனி, சறுக்கு, காற்சட்டையைத் தாண்டிச் சுடுகிற காஞ்சொறி, மூன்று கொம்புப் பச்சோந்தி ஒன்று ஒரு கண்ணை என்மேலும் மற்றதைக் கூட ஏறுகிற ஒரிஷாபாமேலும் வைத்திருக்கிறது, இதற்குமா தெரிந்துவிட்டது? "ஏன் இன்னிக்கு வாயே திறக்கல? ஒரு கதை விடுங்க, ஏத்தம் தெரியாது." "தீந்துபோச்சு தாயி." "உங்களுக்கா? காட்டுல இலை தீந்துபோச்சுன்னு சொல்லுங்க, நம்பறேன்." சிரிக்கிறாள்... சிரிப்பு எங்கும் பட்டுத் திரும்பவில்லை, குருவி இல்லை, குரங்கு இல்லை. அதற்குள் படுக்கைகள் வந்துவிட்டன. நேற்று ராத்திரி கொரில்லாக்கள் இலை மடித்துப் படுத்த இடம், எண்ணினேன், பதினொன்று, சரி. ஆனால் முந்தாநாள் படுக்கையிலிருந்து அறுபது தப்படிகூட இல்லையே, தினம் ஒரு முகடு தாண்டுகிற கூட்டம் ஏன் நகரவில்லை? குட்டிக்காரத் தாய் படுத்த இடத்தில் சாணி தண்ணீராய்க் கிடந்தது, கை வைத்தால் சூடு. "மாமனார் சோம்பேறியாயிட்டாருபோல" என்றாள். கூட்டத்துக்குத் தலைவரான வெள்ளி முதுகுக் கொரில்லாவுக்கு நாங்கள் வைத்த பெயர், பெண் கொடுத்தவர் முன்னால் எங்கள் ஊரில் யாரும் தலை நிமிர்வதில்லை, இவர் முன்னாலும் இல்லை... போன செவ்வாய்க்கிழமை அவள் தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினாள், யாருமில்லையே என்று காலிப் படுக்கைக்குள் குனிந்து ஒரு வாரத்துச் சரக்கை மொத்தமாக இறக்கினேன், இரண்டு குட்டை, ஒரு நெட்டை, விசில். மேலே புதரில் ஏதோ மெல்லுகிற சத்தம் சட்டென்று நின்றது. காற்றுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காற்று எப்போதிலிருந்து தண்டு மென்றது?

முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டோம். வந்திருக்கிறோம் என்று தொண்டையைக் கனைத்துச் சொல்வது முறை, மெல்லக் கனைத்தேன், மாமனார் பதில் கனைக்கவில்லை, முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார், கோபமா, இல்லை, அசதியா... அப்போது அவருக்குப் பின்னாலிருந்த பெரணிப் புதருக்குள் இரண்டு குட்டை. ஒரு நெட்டை. விசில். என் கை தானாக வாயைப் பொத்தியது, ஒரிஷாபாவின் கை என் தோளில் இறுகியது. "பெரியவரே, இருமினது நீங்களா?" தாயின் கக்கத்திலிருந்து கடைக்குட்டி என்னைப் பார்த்தது, மூக்கு ஒழுக, வெகுநாள் பழகிய ஆளைப் பார்ப்பதுபோல. இல்லை என்று சொல்லலாம், அதுவும் நிஜம்தானே, சொன்னால் வேலை கைவிட்டுப் போகாது, யார் கொடுத்தது என்று காட்டிடம் கேட்கவா போகிறார்கள்... "இருமல் என்னோடது தாயி," என்றேன், "இருமினது நானில்ல." "இப்பவுமா கதை?" என்றாள், மறுபடி குட்டி இருமியது, அவள் என் முகத்தையே பார்த்தாள், என் உதடு அசையவில்லை, அவள் கை வயர்லெஸ்ஸுக்குப் போனது. டாக்டர் வரட்டும், சீக்கிரம் வரட்டும், என்னை விரட்டட்டும். நான் தொண்டைக்குள் தேடிப் பார்த்தேன்... கரகரப்பு இல்லை, சளி இல்லை, கழுவிக் கவிழ்த்த சுரைக்குடுவை மாதிரி சுத்தமாக இருந்தது, இஞ்சிகூட கடிபடாமல் அப்படியே கிடந்தது. அப்படியென்றால் காலையிலிருந்து இவ்வளவு தூரம் நான் எதை அடக்கிக்கொண்டு வந்தேன்?