உத்தரத்தின் கீழே ஒரு கதிரை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மெல்பேர்ண், கார்ல்டன் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஓய்வுபெற்ற ஓவசியர் அரியரத்தினம், அவருடைய மகன் டொக்டர் சிறிதரன், மருமகள் கிரிஜா, வீடு திருத்த வந்த கிரேக்கன் கோஸ்டா. வாசல் கேற்றடியில் நின்ற, குடும்பத்துக்குத் தெரிந்த ஜெயரட்ணத்தையும் சேர்த்தால் ஐந்து பேர். தூசி அவருக்கு ஆகாது என்று உள்ளே வரவில்லை. பிறகு மெல்பேர்ண் முழுக்க அடிபட்ட கதைக்கு அதுதான் காரணம்.

எழுபத்தாறாம் ஆண்டு. வீட்டுக்கு அப்போது தொண்ணூறு வயது. முன்னறையில் சலவைக்கல் கணப்பு. சீலிங்கின் நடுவே சுதையில் வார்த்த பெரிய பூ. ஒரு செங்கல் சுவருக்கு அப்பால், பகலிலும் விளக்குப் போடவேண்டிய குசினி. கிரிஜா கட்டடக்கலை படித்தவள். பூவிலும் கணப்பிலும் கை வைக்கமாட்டேன், நடுச்சுவர் மட்டும் போகவேண்டும் என்றாள். அதிலும் இரண்டு ஓரத்திலும் ஒரு முழம் சுவரை அப்படியே விடுவாளாம், பழைய அறையின் அளவு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று.

அரியரத்தினத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வந்து இருக்கிற சனத்துக்கு எங்கட கறிச்சட்டி தெரியும். எங்கட குடும்பத்தில ஆரும் விருந்தாளிக்குக் குசினி காட்டினதில்லை."

"குசினியில நிக்கிற ஆளுக்கும் வெளிச்சம் வேணும்தானே, மாமா."

"லைற்றைப் போடலாம்."

"போட்டுக்கொண்டுதான் ரெண்டு வருசமா நிக்கிறன்."

மகனிடம் முறையிட்டுப் பார்த்தார். "நான் எலும்பு டொக்டர், அப்பா. சுவருக்கு அவதான்" என்று அவன் கழன்றுவிட்டான்.

மேல்மாடியைத் தாங்க இரும்பு உத்தரம் போட வேண்டியிருந்தது. அதற்குக் கிரிஜா எழுதிய கணக்குத் தாள்களை, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அரியரத்தினம் எடுத்தார். முப்பத்தொரு வருடம் பாலமும் மதகும் கட்டுவித்தவர். இங்கேயோ எல்லாம் மில்லிமீற்றர். அடியாகவும் அங்குலமாகவும் மாற்றி மாற்றி மூன்று நாள் காலையும் பென்சிலோடு இருந்தார். பிழை பிடிக்கத்தான் பார்த்தார். ஒன்றும் அகப்படாதது அவருக்குப் பெரிய எரிச்சல்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சுவர் போய்விட்டது. உத்தரமும் ஏறிவிட்டது. இனி மேல்மாடிக்கு முட்டுக்கொடுத்திருந்த ஆறு இரும்புக் கால்களைக் கழற்றுவதுதான் மிச்சம். கோஸ்டா முதல் காலின் திருகில் கையை வைத்தான். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு கிரிஜாவைத் தாண்டி சிறிதரனைப் பார்த்தான்.

"யூ ஷுவர், டொக்டர்?"

கிரிஜா கையிலிருந்த தாளை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

அரியரத்தினத்துக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பெண் போட்ட கணக்கை, எங்கள் வீட்டுக்குள் நின்று, ஒன்றும் தெரியாத ஒருவனிடம் கேட்கிறான். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துவந்து உத்தரத்தின் நட்டநடுவில் போட்டார். சட்டைப்பை லேஞ்சியால் அதிலிருந்த செங்கல் தூளைத் தட்டினார். போட்டோவுக்கு இருப்பவர்போல முதுகை நிமிர்த்தி இருந்தார்.

"கழட்டச் சொல்லு."

"அப்பா! விசரே உங்களுக்கு? எழும்புங்கோ!"

"மாமா, கணக்குச் சரிதான், ஆனா..."

"சரியெண்டா பிறகென்ன ஆனா? கழட்டச் சொல்லு."

கோஸ்டா மறுத்தான். கிழவர் அசையவில்லை. கடைசியில் அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு திருகைத் திருப்பினான்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கழன்றபோது மேலே ஏதோ முனகியது. அரியரத்தினத்தின் தோளில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. கணக்கின் எட்டாம் வரியில் தான் அங்குலம் மாற்றியது சரிதானா என்ற கேள்வி அப்போதுதான் அவருக்கு வந்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்தார். முதுகு மட்டும் வளையவில்லை. ஐந்து. ஆறு.

வீடு நின்றது.

குசினி ஜன்னலால் வந்த வெயில் தடையில்லாமல் நீண்டு, முன்னறைக் கணப்பின் சலவைக்கல்லில் போய் விழுந்தது. அந்தக் கல்லுக்குள் இளஞ்சிவப்பு நரம்பு ஓடுவதை அன்றுதான் எல்லாரும் கண்டார்கள். கோஸ்டா தொப்பியைக் கழற்றினான், கிரிஜாவைப் பார்த்து.

அரியரத்தினத்தால் எழும்ப முடியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவும் முடியாது. "பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடு" என்றார்.

கிரிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேத்தலை வைத்தாள். "தாளின்ர ஓரத்தில அடி, அங்குலமெல்லாம் கிடந்ததை நான் பாத்தனான், மாமா."

"ஓம், பிழை தேடினனான்."

"கிடைச்சுதோ?"

"கிடைச்சிருந்தா இதில இருப்பனோ?" என்றவர், சற்றுப் பொறுத்து, "சீனி ஒண்டரைக் கரண்டி. ஒண்டோட நிப்பாட்டுறாய். இனி இஞ்ச இருந்தே எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

ஜெயரட்ணம் கேற்றடியில் நின்று ஜன்னலால் பார்த்துவிட்டுப் போனவர். திங்கட்கிழமைக்குள் அது கதையாகிவிட்டது. சிட்னியில் மெரிலேண்ட்ஸ் வரைக்கும் போனது: சுவரை இடிக்க விடமாட்டேன் என்று கிழவர் மருமகளோடு கோபித்துக் குறுக்கே கதிரை போட்டு இருந்தாராம், மகன் கதிரையோடு தூக்கி வெளியே வைத்தானாம்.

அது பொய். அவர் இருந்தபோது இடிப்பதற்குச் சுவரே இல்லை. கதிரையை ஒருவரும் தூக்கவில்லை. அது இன்னும் உத்தரத்தின் கீழே, குசினியைப் பார்த்தபடி, வெயிலில் கிடக்கிறது.