வாளியில் நனைத்த கோட்டு

அவனுக்குச் சலவைக் கடையில் வேலை. கறையைப் பார்த்ததுமே அதன் கதையைச் சொல்லிவிடுவான். இது மை, இது ரத்தம், இது யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயம், இந்த ஆள் இன்றைக்கு வீட்டில் வசமாக மாட்டப்போகிறான் என்பான். தன் வீட்டில் மட்டும் ஒரு கைக்குட்டையைக்கூட அலசமாட்டான். "நாள் பூரா ஊரான் துணியத் துவைக்கிறேன், இங்கயுமா?"

அப்பேர்ப்பட்டவனின் மனைவி, அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்த புதுக் கம்பளிக் கோட்டை வாளித் தண்ணீரில் முக்கிக் கசக்கிவிட்டாள். கோட்டு சுருங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் பத்தாது என்று ஆயிற்று. "அழுக்கா இருந்துச்சுங்க" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் விடுவானா? மாமியாருக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு கோட்டுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டா அத்தை" என்றான். அந்தப் பக்கம் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் அவனுடைய பழைய கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மொழி வகுப்புக்குப் போய்வந்தாள்.

அந்த வகுப்புக்கு அவளை அனுப்பி வைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சன்னலைத் திறக்கவே பயப்படுவாள். "நம்ம வேலையுண்டு நாமுண்டுன்னு இருந்தா யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அடித்துச் சொல்லித்தான் தனியாக பஸ் ஏற வைத்திருந்தான்.

ஒரு நாள் மாலை பஸ்ஸில் அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன், "உன் ஊருக்கே போய்த் தொலை" என்றான். இவன் காதில் விழாதது போல நின்றான். அந்த ஆள் இறங்கும்போது இவன் தோளில் காறித் துப்பிவிட்டு இறங்கினான். பஸ் நிறைய ஆட்கள். சன்னலுக்கு வெளியே அப்படி என்ன அதிசயமோ, அத்தனை பேரும் அங்கேயே பார்த்தார்கள். அப்போது நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, அருவருப்பே இல்லாமல் அவன் தோளைத் துடைத்தாள். அதை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

வீட்டில் சொன்னால் தீர்ந்தது. நாளையிலிருந்து அவள் வாசல் தாண்டமாட்டாள். அதனால் உள்ளே நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்ச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"என்னங்க அதிசயமா இருக்கு? நீங்க துவைக்கிறீங்க?"

"காபி கொட்டிருச்சு."

அவள் வாளி மேல் கிடந்த கழுத்துத் துணியைத் தூக்கி முகர்ந்தாள். "சென்ட் வாசனை ஆளத் தூக்குது. யாரோடது?"

"கடையில... யாரோ விட்டுட்டுப் போனது."

அவள் இடுப்பில் கையை வைத்தாள். அவனும் துணிந்துவிட்டான். இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பயப்படாமல் இருந்தால் போதும்.

"காபி எங்கயாவது தோள்ல கொட்டுமா?" என்று கேட்டவள் அப்படியே நின்றாள். இடுப்பிலிருந்த கை இறங்கியது. "பஸ்லயா?"

அவன் நிமிரவில்லை.

"இது துடைச்சுவிட்டவங்களோடதா?"

"ஆமா. யாரோ ஒரு அம்மா."

"நல்லா இருக்கட்டும்." துணியை மெல்ல மடித்தாள். "எனக்கு முதுகுல. கை எட்டல. வீடு வரைக்கும் அப்படியே வந்தேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கோட்ட என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?"

"நீங்கதான் கறையப் பார்த்தே கதை சொல்ற ஆளாச்சே."

போனில் எல்லோரோடும் சேர்ந்து அவள் சிரித்த சிரிப்பு இப்போது அவனைக் கொன்றது. அவன் கேட்டான். "அதுக்கப்புறமும் வகுப்புக்குப் போனியே, பயமா இல்லையா?"

"தினமும் பயம்தான். போகலைன்னா ஏன்னு கேப்பீங்களே."